வருஷப் பாத்திஹாவுக்கு வளர்த்த கோழிகள்

நாங்கள் ராஜபாளையத்தில் மூன்று தலைமுறையாகக் கோழிக்கடை வைத்திருக்கும் குடும்பம். செத்த கோழியைக் கலந்தார்கள் என்றோ, தண்ணீரில் ஊறவைத்து எடையைக் கூட்டினார்கள் என்றோ இன்றுவரை எங்களை யாரும் சொன்னதில்லை. இதைப் பெருமைக்காக எழுதவில்லை. போன ஐப்பசியில் என் வீட்டில் நடந்ததை ஊரில் இரண்டு மூன்று விதமாகப் பேசுகிறார்கள். என் தம்பி ஹுமாயூன் யாரிடமும் வாயைத் திறக்க மாட்டான். அதனால் ஜபருல்லாவாகிய நானே எழுதுகிறேன்.

என் மனைவி நூர்னிசா அதற்கு முந்திய வருஷம் இறந்தாள். சர்க்கரை உடம்பு. குதிகாலில் முள் கீறிய புண் ஆறாமல் வீங்கிக் காய்ச்சல் கண்டதும் மதுரைக்குக் கொண்டுபோனோம். ஒரு மருந்து ஏற்றினார்கள்; கேட்கவில்லை. அதைவிட வீரியமானதை ஏற்றினார்கள், அதுவும் கேட்கவில்லை. டாக்டர் இளவயதுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார்.

"ஐயா, அவங்க ரத்தத்துல இருக்கிற கிருமி இந்த மருந்துக்கெல்லாம் பழகிப்போச்சு. எங்க கையில இருக்கிறது எல்லாத்தையும் குடுத்துப் பாத்துட்டோம்" என்றார்.

கடைசியில் அவள் மூச்சுக்குத் திணறியபோது தலையைத் தாங்கிப் பிடித்திருந்தவன் ஹுமாயூன். நான் வராந்தாவில் நின்றேன். அதைப் பார்க்க நான் உள்ளே போகவில்லை.

அவனுக்கு அவள் மதினி மட்டுமில்லை. அவள் எங்கள் வீட்டுக்கு வாழ வந்தபோது அவன் பள்ளிக்கூடப் பையன். எங்கள் தாயார் அதற்கு முன்பே மௌத்தாகிவிட்டார்கள். அவனுக்குச் சோறு போட்டதும் தலை சீவிவிட்டதும் காய்ச்சலுக்குப் பக்கத்தில் படுத்ததும் நூர்னிசாதான். எங்களுக்கென்று பிள்ளை பிறக்கவில்லை. அதை ஒரு குறையாக அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

ஹுமாயூனின் மகள் நாஜியா கால்நடை டாக்டருக்குப் படித்தவள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆடு, மாடு, நாய்களுக்கு வைத்தியம் பார்க்கிறாள். மூன்றாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டேன்.

"கிருமி எங்க போய்ம்மா மருந்துக்குப் பழகுது?"

"எங்க வேணும்னாலும் பழகும் பெரியத்தா. சளிக்கும் தலைவலிக்கும் நாமளே கடையில வாங்கி முழுங்குறோம்ல, அதுல பழகும். பண்ணையில சீக்கே இல்லாத குஞ்சுக்கும், வந்துரக் கூடாதேன்னு தெனமும் தண்ணியில கலந்து விடுறாங்கள்ல, அதுலயும் பழகும்."

"உங்கத்தா பாத்துக்கிற நம்ம பண்ணையில?"

"அத்தாவும் கலந்துக்கிட்டுத்தான் இருக்காவ. எல்லாரும் செய்யிறதுதான்."

"உம் பெரியம்மா ஒடம்புல இருந்தது நம்ம கோழி வழியா வந்ததில்லன்னு சொல்லு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "வந்துச்சுன்னும் சொல்ல முடியாது, வரலைன்னும் சொல்ல முடியாது பெரியத்தா."

வேறொருத்தியாக இருந்தால் வரவில்லை என்று சொல்லி என்னைத் தேற்றியிருப்பாள். இவள் எங்கள் வீட்டுப் பிள்ளை. தெரியாததைத் தெரியும் என்று சொல்லத் தெரியாது.

நாற்பதாம் நாள் ஜமாஅத்தார் எல்லாரும் உட்கார்ந்திருந்த சபையில் நான் எழுந்து ஒரு வார்த்தை சொன்னேன். அவள் இறந்து வருஷம் திரும்பும் நாளில் ஓதும் வருஷப் பாத்திஹாவுக்கு நூர்னிசா பேரில் தெருவுக்கே சோறு போடுவேன். அன்றைக்கு ஆக்கும் கறி என் பண்ணையில் வளர்ந்த கோழியாக இருக்கும். அவளைக் கைவிட்ட அந்த வகை மருந்தில் ஒரு சொட்டுக்கூட அந்தக் கோழிகளுக்குக் கொடுத்திருக்க மாட்டோம். பள்ளிவாசல் ஹஜ்ரத் ஆமீன் சொன்னார். ஹுமாயூன் எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். அவனிடம் நான் முன்கூட்டிக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அப்படிக் கேட்கும் வழக்கம் இல்லை.

எங்கள் பண்ணை சேத்தூரைத் தாண்டி தேவதானம் போகும் வழியில் ஒரு தென்னந்தோப்புக்குள் இருக்கிறது. கடை என் பொறுப்பு, பண்ணை ஹுமாயூன் பொறுப்பு. நாட்டுக்கோழிக் கலப்பில் குஞ்சு இறக்கி வளர்க்கிறோம். நாஜியா ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி வந்து எல்லாவற்றையும் மாற்றினாள். கொட்டகையில் கோழிகளின் நெருக்கத்தைக் குறைத்தாள். தரையில் பரப்பும் உமியை அடிக்கடி கிளறிவிடச் சொன்னாள். பிறகு சாறு. பூண்டும் மஞ்சளும் மிளகும் ஒரு பக்குவம். கீழாநெல்லியும் நிலவேம்பும் ஒரு பக்குவம். சளிக்கென்று துளசியும் ஆடாதொடையும். அரைத்து, கொதிக்கவைத்து, வடிகட்டித் தண்ணீரில் கலக்க வேண்டும். மலையடிவாரத்தில் செண்பகத்தோப்புப் பக்கம் வீட்டுத் தோட்டத்தில் நிலவேம்பு போட்டிருந்த ஒருவரிடம் வாங்கினோம். காட்டுக்குள் போய் ஒரு இலை பறிக்கக் கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். வனத்துறைக்காரன் கேள்வி கேட்க என் வீட்டு ஆள் கைகட்டி நிற்பதை நான் விரும்பவில்லை.

பண்ணையில் வேலை பார்க்கும் மாரிக்கனிக்குத்தான் இதில் பெரிய அலுப்பு.

"எம் புருசனுக்குக்கூட நான் இப்படி அரைச்சு வடிச்சு ஊத்துனதில்ல" என்பாள். "ஊத்தியிருந்தா இருந்திருப்பான்."

"அவன் செத்தா போனான்? ஓடித்தானட்டி போனான்" என்பான் ஹுமாயூன்.

"அதத்தான் சொல்லுதேன் பாய். இதுக ஓடாது. வலை அடிச்சிருக்கு."

நாஜியா மட்டும் சிரிக்காமல் திரும்பத் திரும்ப ஒன்றைச் சொல்லுவாள். "இத மருந்துன்னு நெனச்சுக்கிராதீங்க அத்தா. கோழிய நல்லா வச்சிருக்கும், அம்புட்டுத்தான். ஈரம் நின்னாலும் காத்து வரலன்னாலும் தடுப்பூசி தப்புனாலும் இந்தச் சாறு தனியா நின்னு காப்பாத்தாது."

முதலில் இறக்கிய குஞ்சுகள் நன்றாக வந்தன. மருந்தில்லாமல் அவ்வளவு கோழி தேறி நின்றதை நான் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். அடுத்து இறக்கியதுதான் பாத்திஹாவுக்கென்று வைத்தது. அது முக்கால் வளர்ச்சிக்கு வந்திருந்தபோது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது.

மேற்கே மலையை மறைத்துக்கொண்டு பெய்த மழை. சாரல் அடிக்கிறது என்று பக்கவாட்டில் சாக்குப் படுதாவை இறக்கிவிட்டார்கள், காற்று நின்றது. படுதாவைத் தூக்கினால் உமி நனைந்தது. கொட்டகைக்குள் நுழைந்தால் கண் எரியும் நெடி. முதலில் ஒரு கரகரப்புச் சத்தம்தான் இருந்தது. பிறகு கோழிகள் கண்ணை மூடிக் கழுத்தை மேலே நீட்டி, வாயைத் திறந்து திறந்து மூடின. காலையில் மாரிக்கனி செத்தவற்றைக் கூடையில் அள்ளினாள்.

நாஜியா லீவு போட்டு வந்தாள். செத்த கோழி ஒன்றை வாழையிலையில் போட்டு அறுத்துக் காட்டினாள். ஈரலின் மேலும் இருதயத்தின் மேலும் வெள்ளையாக ஒரு படலம் ஒட்டியிருந்தது. நான் அறுக்காத கோழியா? ஆனால் அப்படி ஒன்றை என் கடையில் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் தூக்கி எறிந்திருப்பேன்.

"சளிக்கு மேல கிருமி ஏறிருச்சு" என்றாள். "இனிமே சாறு பிடிக்காது. மருந்து குடுத்தா பெரும்பாலும் தேறிரும். நானே எழுதித் தாரேன். தேறுன பொறவு, மருந்து ஒடம்பவிட்டு எறங்குற வரைக்கும் நாள் விட்டு, மருந்து போட்ட கோழின்னு சொல்லியே வித்துரலாம். பாத்திஹாவுக்கு ஆகாது, அவ்வளவுதான்."

"குடுக்கலன்னா?"

"பாதிக்கு மேல போயிரும்."

"மிச்சம் இருக்கிறத வச்சு ஆக்குவோம். பந்தியச் சின்னதா வச்சுக்கலாம்."

"பெரியத்தா, சும்மா இருக்கிறதுக்குக் குடுக்கிறதுதான் தப்புன்னு நான் சொன்னேன். சீக்கு வந்ததுக்குக் குடுக்கிறது தப்புன்னு எப்பச் சொன்னேன்? மூச்சு முட்டிச் சாவுற உயிருக்கு மருந்து இருந்தும் குடுக்காம விடுறது பாவம்."

"சபையில சொன்னவன் நான். நீ இல்ல."

அவள் அவளுடைய அத்தாவைத் திரும்பிப் பார்த்தாள். ஹுமாயூன் செத்த கோழியை இலையோடு சுருட்டிக் குழிக்கு எடுத்துக்கொண்டு போனான். என் பேச்சுக்கு அவன் மறுபேச்சுப் பேசியதில்லை. அன்றும் பேசவில்லை. அதைச் சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

பிறகு கடை வேலையில் பண்ணைப் பக்கம் நான் போகவில்லை. போனில் கேட்டால், "சாவு கொறஞ்சிருக்கு அண்ணே" என்றான். அடுத்துக் கேட்டபோது, "இப்ப ஒண்ணும் சாவல" என்றான். மழை விட்டதும் போய்ப் பார்த்தேன். கோழிகள் கொண்டை சிவந்து, தீவனத்துக்கு முண்டியடித்தன. நான் வாய்விட்டு அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன். ஹுமாயூனின் தோளில் கை வைத்து, "உம் மதினி துஆடா இது" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாசலில் நின்று, செத்துப்போகும் என்று டாக்டரே சொன்ன கோழிகளை இலைச்சாறே தேற்றிவிட்டது என்று சொன்னேன். நாலு பேர் நம்பினார்கள். கேட்ட ஒருவர் தன் மச்சான் பண்ணைக்கும் வேண்டும் என்று பக்குவத்தைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

பாத்திஹாவுக்கு முதல் நாள் காலையில் கோழி பிடிக்கப் பண்ணைக்குப் போனோம். நாஜியாவும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நேராக அங்கே வந்துவிட்டாள். கொட்டகைக்குள் போனவள், ஒரு கோழியைப் பிடித்து நெஞ்சோடு காதை வைத்துக் கேட்டாள். இன்னொன்றைப் பிடித்துக் கேட்டாள். பிறகு வெளியே வந்து, கை கழுவிக்கொண்டே கேட்டாள்.

"அத்தா, எந்த மருந்து போட்டீய?"

நான்தான் பதில் சொன்னேன். "என்னட்டி பேசுத? சாறுதான் குடுத்திருக்கு."

"அந்த நெலமையில இருந்த கோழிய எந்தச் சாறும் இப்படித் தூக்கி நிறுத்தாது பெரியத்தா. நான் படிச்சது இது ஒண்ணுதான்."

மாரிக்கனி கையிலிருந்த கூண்டைக் கீழே வைத்துவிட்டுத் தொட்டிப் பக்கம் போய்விட்டாள். அவளுக்குத் தெரிந்திருந்தது என்று அந்த நடையிலேயே விளங்கியது. நான் ஹுமாயூனைப் பார்த்தேன்.

"நான்தான் போட்டேன் அண்ணே" என்றான்.

"நான் வேண்டாம்னு சொன்ன பொறவா?"

"ஆமா."

"பந்தி நின்னுரும்னு பயந்தா? எனக்கு அவமானம் வந்துரும்னா?"

"அதும் நெனச்சேன். ஆனா அது மட்டுமில்ல." அவன் தென்னை மரத்தில் சாய்ந்து நின்றான். அவன் குரல் உயரவில்லை. "மதினி கடைசியில எப்படி இருந்துச்சுன்னு நீங்க பாக்கல. கழுத்த மேல நீட்டிக்கிட்டு, வாயத் தொறந்துக்கிட்டு... இதுகளும் அப்படியேதான் நின்னுச்சு. மதினிக்கு மருந்து கேக்கல. என்ன செய்ய, அது விதி. இதுகளுக்குக் கேக்கும். கேக்கும்னு தெரிஞ்சுக்கிட்டு நான் கைய கட்டிக்கிட்டு நிக்கணுமா? ஒரு நாள் நின்னேன். ரெண்டாம் நாளு என்னால ஏலல."

நாஜியா அழுதுகொண்டிருந்தாள். ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டாள். கடைசியாக என்றைக்குக் கொடுத்தது, எவ்வளவு கொடுத்தது என்று விசாரித்தாள். பிறகு என்னிடம், "நாள் விட்டாச்சு பெரியத்தா. கறியில ஒண்ணும் நிக்காது. சாப்பிடுறவங்களுக்கு ஒரு கெடுதலும் இல்ல" என்றாள்.

"சோதிச்சுப் பாத்தாக்கூடத் தெரியாது அண்ணே" என்றான் ஹுமாயூன். "நாளைக்கு இதையே ஆக்கிருவோம். பொறவு நீங்க என்னய என்ன செஞ்சாலும் சரி."

"கறியில நிக்காதுன்னா நான் சபையில சொன்னேன்? குடுக்க மாட்டோம்னு சொன்னேன். அவ பேரச் சொல்லிச் சொன்னேன்."

"அப்ப சீக்கு வந்துருச்சு, கோழி இல்லன்னு மட்டும் சொல்லிருங்க."

"அதுவும் பொய்தான். போன வெள்ளிக்கிழமை சாறு தேத்திருச்சுன்னு சொல்லி வச்சிருக்கேன். ஒருத்தரு பக்குவத்த எழுதிக்கிட்டுப் போயிருக்காரு. அவரு மச்சான் பண்ணையில இதே சீக்கு வந்து, அவன் என்னய நம்பிச் சாற ஊத்திக்கிட்டு ஒக்காந்திருந்தா?"

என் முடிவைச் சொன்னேன். கோழி அறுக்க வேண்டாம். நெய்ச்சோறும் பருப்பும் காயும் போட்ட தால்ச்சாவும் ஆக்கட்டும். காரணத்தைச் சபையில் நான் சொல்வேன். என் வீட்டில் நடந்தது என்று சொல்வேன். யார் செய்தது என்று சொல்ல மாட்டேன். வீட்டில் ஒருவன் தவறினால் அது பெரியவன் பேரில்தான் நிற்க வேண்டும். எங்கள் அத்தா வீட்டை அப்படித்தான் வைத்திருந்தார்கள்.

ஹுமாயூன் சிரித்த மாதிரி இருந்தது. "பண்ணையில இருக்கிறது யாருன்னு ஊருக்குத் தெரியாதா அண்ணே?"

மறுநாள் எங்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தோம். ஹஜ்ரத் ஓதி முடித்து துஆ கேட்டார். சஹன் தட்டுகளில் நெய்ச்சோறு வைத்து, ஆட்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். ஹுமாயூன் தால்ச்சா வாளியோடு வரிசைக்குள் நின்றான். விடிந்ததிலிருந்து அடுப்படியில் நின்றவனும் அவன்தான். நான் எழுந்தேன்.

"நாற்பதாம் நாள் இதே சபையில ஒரு சொல் சொன்னேன். அத என் வீட்டால காப்பாத்த முடியல. கோழிக்குச் சீக்கு வந்துச்சு, மருந்து குடுத்திருக்கு. சாறு தேத்துச்சுன்னு நான் சொன்னது தப்பு. அதனாலதான் இன்னைக்குக் கறி இல்ல. இது என் வீட்டுல நடந்தது, இதுக்கு நான்தான் பொறுப்பு. எல்லாரும் மன்னிக்கணும்."

மூத்தவர் ஒருவர், "அதுக்கென்ன ஜபருல்லா, உக்காரு. தால்ச்சா நல்லா மணக்குது" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். யாரோ, "கோழிக்கு ஊசி போட்டதுக்கா இம்புட்டுப் பேச்சு" என்றது காதில் விழுந்தது. அதோடு முடிந்திருக்கும்.

ஹுமாயூன் வாளியைக் கீழே வைத்தான்.

"எங்கண்ணன் போடல" என்றான். "அவிய வேண்டாம்னுதான் சொன்னாவ. அவியளுக்குத் தெரியாம நான் போட்டேன். அவிய பேருல இத எழுதாதீய."

அவனைக் காப்பாற்ற நான் விரித்த மறைப்பை அவனே எடுத்து எனக்குப் போர்த்திவிட்டு நின்றான். உட்கார் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கரண்டியைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டுப் பந்தலை விட்டு வெளியே போனான். அவன் சாப்பிடவில்லை. அவனை வளர்த்தவள் பேரில் போட்ட சோற்றில் அவன் ஒரு கவளம் எடுக்கவில்லை.

அடுத்த நாள் விடிந்ததும் பண்ணைக்குப் போய்த் தண்ணீரும் தீவனமும் வைத்துவிட்டு, சாவியை மாரிக்கனியிடம் கொடுத்துவிட்டு, மனைவியையும் கூட்டிக்கொண்டு கடையநல்லூரில் மச்சினன் வீட்டுக்குப் போய்விட்டான். அங்கே மச்சினனின் மளிகைக் கடையில் நிற்கிறான் என்று நாஜியா சொன்னாள். கோழி வளர்த்த கை பொட்டலம் மடிக்கிறது.

"நீங்க ஒரு போன் போட்டா வந்துருவாவ பெரியத்தா" என்றாள்.

"நான் போகச் சொல்லலையேம்மா."

"வரச் சொல்லவும் இல்லையே."

போனைக் கையில் எடுக்காமல் இல்லை. எடுத்தால் என்ன சொல்வது? நீ செய்தது சரி என்று சொன்னால், சபையில் நின்று நூர்னிசா பேரில் சொன்ன சொல்லுக்கு என்ன மதிப்பு? நீ செய்தது தவறு என்று சொல்லலாம் என்றால், அந்தக் கோழிகள் பிழைத்துத் தேறி நின்றதை நான் என் கண்ணால் பார்த்துவிட்டேன். அந்த மதுரை ஆஸ்பத்திரியில் அவளுக்கு மட்டும் ஒரு மருந்து கேட்டிருந்தால், அதை யார் எந்தச் சொல்லை மீறிக் கொடுத்திருந்தாலும் நான் காலில் விழுந்திருப்பேன்.

கடையை ஆள் பொறுப்பில் விட்டுவிட்டுப் பண்ணைக்கு நானே போய்வந்தேன். கோழியை எடை போடவும் அறுக்கவும் தெரிந்த எனக்கு அதற்குத் தண்ணீர் வைக்கத் தெரியவில்லை. குழாயைத் திறந்தால் உமியெல்லாம் நனைந்தது. மாரிக்கனி வந்து நனைந்த உமியை அள்ளிக் கொட்டினாள். என்னைக் கிண்டல் செய்யக்கூட அவளுக்கு மனசில்லை.

கோழிகளை எடுத்துக்கொள்ளச் சமுத்திரம் என்ற வியாபாரியை வரச்சொன்னேன். என் கடையில் அவற்றை அறுக்க எனக்கு இஷ்டமில்லை. மினி லாரியில் வந்து ஒவ்வொன்றாகக் காலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தான்.

"எடை நல்லா நிக்குது பாய். பாத்திஹாவுக்குன்னு வச்சிருந்தது இதுதானா?"

"ஆமா. சீக்கு வந்து மருந்து போட்டது. வாங்குறவங்ககிட்டச் சொல்லி வித்துரு."

"யாரு கேக்கப் போறா? இந்த மழைக்குத் தேவதானம் பக்கம் கொட்டகை கொட்டகையாச் செத்துச்சு. ஒங்களுக்கு எம்புட்டுப் போச்சு?"

"எங்களுக்கு ரொம்பப் போகல. தம்பி பாத்துக்கிட்டான்."

"அவரு இருந்தா சரிதான். அவரு கை அப்படி." கூண்டுகளை ஏற்றி முடித்துக் கயிற்றை இழுத்துக் கட்டினான். "ஆளயே காணோம்? எங்க போயிருக்காரு?"

"கடையநல்லூருக்கு."

"எப்ப வருவாரு? அடுத்து குஞ்சு எறக்குறதப் பத்தி அவருகிட்டத்தான் பேசணும்."

"வருவான்" என்றேன்.

லாரி தோப்பைத் தாண்டிச் சேத்தூர் ரோட்டில் ஏறியது. நான் சொன்னது உண்மையா என்று எனக்குத் தெரியாது. தெரியாமலே ஒன்றைச் சொல்லிவிட்டுக் காலிக் கொட்டகையில் நின்றுகொண்டிருந்தேன்.